விண்கல்லும் ஊதுலைக் கசண்டும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் கம்பரைப் பற்றியோ வள்ளுவரைப் பற்றியோ பேசுவது நம் சங்கத்தின் மரபு. அதற்கு நம்மினும் பன்மடங்கு தகுதி வாய்ந்தோர் இவ்வவையில் வீற்றிருக்கின்றனர். இரும்பாலையின் ஆய்வுக்கூடத்தில் அமிலப் புகைக்கு நடுவே முப்பது ஆண்டுகளைக் கழித்த நமக்குத் தெரிந்த பொருள் ஒன்றே, அஃது இரும்பு. ஆகவே, செயலாளர் நம்மைப் பேச அழைத்தபோது, "இரும்பைப் பற்றித்தான் பேச வரும்" என்றோம். "அதை இங்குள்ளவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்களே" என்று அவர் தயங்கினார். "இது வானத்திலிருந்து விழும் கல்லுக்குள் இருக்கும் இரும்பு" என்றதும் இசைந்தார்.

இப்பொருளில் நமக்கு நாட்டம் பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊதுலைப் பகுதியில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நம் இல்லத்திற்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் பட்டுத் துணி. துணிக்குள் தேங்காய் அளவில் ஒரு கரிய கல். அதன்மீது சந்தனமும் குங்குமமும் துலங்கின. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு முன்னிரவில், மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தபோது, வானத்தின் குறுக்கே தீக்கோளம் ஒன்று ஓடி மறைந்ததை அவர் கண்டாராம். மறுநாள் காலை, வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் இக்கல் கிடந்ததாம். அன்றிலிருந்து அது பூஜை அறையில் இடம் பெற்றுவிட்டது. வெள்ளிதோறும் பாலபிஷேகம். முதற் சில வாரங்களில், அபிஷேகம் செய்யும்போதெல்லாம் ஏதோ அழுகிய முட்டை நாற்றம் வருவதாக மருமகள் சொன்னாராம். "தெய்வ காரியத்தில் அப்படிச் சொல்லலாமா" என்று பெரியவர் அடக்கிவிட்டாராம்.

அவர் நம்மிடம் கேட்டது இதுதான்: "தம்பி, விண்கல்லுக்கு அது விழுந்த ஊரின் பெயரையே வைப்பார்களாமே! பேரன் படித்துச் சொன்னான். நாற்பது ஆண்டு இந்த ஊரிலே உழைத்தேன். பிறந்த ஊரில் நம்மை இப்போது யாருக்கும் தெரியாது. இந்த ஊரின் பெயராவது உலக ஏட்டிலே ஏறட்டும். கல்கத்தாவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்."

அவர் சொன்னது முற்றிலும் மெய். விண்கல்லுக்கு ஊர்ப்பெயரே சூட்டப்படுகிறது. நம் நாட்டில் விழும் விண்கற்களைக் காத்து வைக்கும் பொறுப்பு இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு உரியது. அதன் பெருந்தொகுதி கல்கத்தாவில்தான் இருக்கிறது. கடிதம் எழுதத் தடையில்லை. ஆனால், எழுதுவதற்கு முன் கல்லைச் சோதிப்பது ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தவரின் கடமையல்லவா?

கல்லின் மேனியெங்கும் சிறு குமிழிக் குழிகள். இது முதல் ஐயம். விண்கல் வளிமண்டலத்தில் பாயும்போது அதன் மேற்புறம் மட்டும் மெல்லிய தோல்போல் உருகிக் கருகும். உள்ளே பொதுவாகக் குமிழிகள் இரா. காந்தம் இதனை ஈர்த்தது. ஆயின் காந்தம் ஈர்ப்பதெல்லாம் விண்கல் ஆகிவிடாது. எனவே அரத்தால் இராவி, காந்தத்தில் ஒட்டிய உலோகத் தூளை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் பணியிலிருக்கும் இளம் நண்பர் ஒருவரின் துணையோடு அமிலத்தில் கரைத்தோம். புளியில் உள்ள அதே டார்ட்டாரிக் அமிலத்தைச் சிறிது சேர்த்து, அமோனியா விட்டு, டைமெத்தில் கிளையாக்ஸைம் துளிகளை இட்டோம். நிக்கல் இருந்தால் அந்நொடியே ரோஜாச் சிவப்பாய்த் திரளும். விண்ணிலிருந்து வரும் இரும்பு எதுவாயினும் அதில் நிக்கல் உண்டு. நம் கண்ணாடிக் குழாயில் செந்நிறம் தோன்றவேயில்லை.

அது கசண்டு, நம்மவர் 'ஸ்லாக்' என்று சொல்லும் ஊதுலைக் கசண்டு. நம் குடியிருப்பின் பாதைகளையும் பள்ளங்களையும் எதைக் கொட்டி நிரப்பினார்கள் என்பதைப் பழையவர்கள் அறிவார்கள். மழை மண்ணை அரித்தபோது அது தலை காட்டியிருக்கிறது. தாம் நாற்பது ஆண்டு வெளியேற்றிய பொருளையே பெரியவர் இரண்டு ஆண்டு பூசித்திருக்கிறார். இதைச் சொல்ல நமக்கு நா எழவில்லை, எனினும் சொன்னோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் மெய்யான கல்லை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? வெறும் நிக்கல் போதுமா?" என்று கேட்டார். போதாது. அவருக்குச் சொன்ன விடையைத்தான், சற்று விரிவாக, உங்கள் முன் வைக்கிறோம்.

கதை காசியில் தொடங்குகிறது. இக்குடியிருப்பிலிருந்து காசி யாத்திரை போகாத குடும்பம் அரிது. 1798-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாள் இரவு எட்டு மணியளவில், காசியை அடுத்த கிராகுட் என்னும் ஊரில், வானில் பேரொளியும் இடிமுழக்கமும் தோன்றக் கற்கள் பொழிந்தன. ஒரு கல் காவற்காரர் ஒருவரின் குடிசைக் கூரையைத் துளைத்துத் தரையில் புதைந்தது. அக்காலத்து ஐரோப்பிய அறிஞர் பலர், வானத்திலிருந்து கல் விழும் என்பதைப் பாமரர் கட்டுக்கதை என்றே எண்ணினர். காசிக் கற்கள் இலண்டனுக்குச் சென்றன. எட்வர்டு ஹோவர்டு என்னும் இரசாயன அறிஞர், போர்னோன் என்னும் கனிம நூல் வல்லாருடன் சேர்ந்து, இத்தாலியிலும் இங்கிலாந்திலும் பொகீமியாவிலும் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கற்களோடு இவற்றையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, 1802-இல் முடிவை வெளியிட்டார்.

அவர்கள் கையாண்ட முறையை எண்ணி இன்றும் வியக்கிறோம். கல்லை முழுதாய் இடித்துக் கரைக்காமல், அதன் உறுப்புகளைத் தனித்தனியே பொறுக்கினர். இரும்பு மணிகள் ஒருபுறம். இரும்பும் கந்தகமும் கூடிய பொன்னிறத் துகள்கள் ஒருபுறம். விந்தையான சிற்றுருண்டைகள் ஒருபுறம். இவற்றையெல்லாம் பிணைத்து நிற்கும் மண்போன்ற சாம்பல் நிறப் பொருள் ஒருபுறம். தொலைதூர நாடுகளில் விழுந்த நான்கு கற்களின் இரும்பு மணிகளிலும் நிக்கல் இருந்தது. ஒன்றையொன்று கண்டிராத ஊர்களில் விழுந்தவை ஒரே குடும்பத்து முகச்சாயலோடு இருந்தன. கட்டுக்கதை என்ற வாதம் அதன்பின் நிலைக்கவில்லை.

அச்சிற்றுருண்டைகளுக்குக் காண்ட்ரூல் என்று பெயர். கசகசா அளவினும் சிறியவை மிகுதி. கடுகளவு உள்ளவையும் உண்டு. உருகிய துளிகளாய் இருந்து விரைந்து குளிர்ந்தவை அவை. கல்லை ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு தடிப்புக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், சில உருண்டைகளுக்குள் படிகங்கள் பனையோலை விசிறிபோல் ஒரு மூலையிலிருந்து விரிந்து கிடக்கும். சிலவற்றில் சன்னல் கம்பிகள்போல் வரிசையாய் நிற்கும். இவ்வுருண்டைகளைச் சுமக்கும் கல் காண்ட்ரைட். பூமியில் தோன்றிய எந்தப் பாறையிலும் இவ்வமைப்பு இல்லை.

இங்கு நம் ஆலையை நினைத்துக்கொண்டால் விளக்கம் எளிதாகும். ஊதுலையின் தலைவழியே தாதும் கரியும் சுண்ணாம்புக்கல்லும் கலந்து 'சார்ஜ்' போடுகிறோம். உருகியபின் கனத்த இரும்பு அடியில் இறங்குகிறது. கசண்டு மேலே மிதக்கிறது. வானத்திலும் சில சிறுகோள்கள் இவ்வாறு முழுதும் உருகின. அவற்றின் அடி இரும்பு, இரும்பு விண்கல்லாக வருகிறது. மேலே மிதந்த கல், காண்ட்ரூல் இல்லாத கல்லாக வருகிறது. காண்ட்ரைட் இவை இரண்டும் அன்று. அஃது உருகாத சார்ஜ். இரும்பு மணியும் கல்லும் பிரியாமல் அருகருகே கிடப்பதே அதற்குச் சான்று. அதன் வயது ஏறத்தாழ 456 கோடி ஆண்டு. எளிதில் ஆவியாகாத தனிமங்களின் விகிதம் சூரியனில் உள்ளதை ஒட்டியே இருக்கிறது.

ஆகவே ஒரு கல் வந்தவுடன் கேட்கும் முதல் கேள்வி: உருகியதா, உருகாததா? இரண்டாவது கேள்விதான் சுவையானது: இதிலுள்ள இரும்பு எங்கே குடியிருக்கிறது?

இரும்புக்கு மூன்று குடியிருப்புகள் உண்டு. நிக்கலோடு கூடி உலோகமாக இருக்கலாம். கந்தகத்தோடு கூடித் திராய்லைட் என்னும் கனிமமாக இருக்கலாம். பிராணவாயுவோடு கூடி, ஒலிவின், பைராக்ஸீன் என்னும் மக்னீசியச் சிலிகேட்டுக் கனிமங்களுக்குள் அமரலாம். ஒலிவினில் மக்னீசியத்திற்கு என்று அமைந்த இருக்கைகளில் இரும்பும் வந்து உட்காரும். பயணிகள் வண்டியில் நெருக்கி இடம் விடுவதுபோல ஒன்று மற்றொன்றுக்கு இடம் விடும். நூறு இருக்கைகளில் இரும்பு எத்தனை என்று எண்ணுவதே வகைப்படுத்தலின் உயிர்நிலை.

பிரிட்டிஷ் மியூசியத்தின் கனிமப் பகுதிக் காப்பாளராக இருந்த ஜார்ஜ் பிரையர் 1916-இலும் 1920-இலும் ஒரு விதியை எடுத்துரைத்தார். காண்ட்ரைட்டில் உலோகம் குறையக் குறைய, எஞ்சிய உலோகத்தில் நிக்கல் விகிதம் கூடும். சிலிகேட்டுகளில் இரும்பும் கூடும் என்பது அவ்விதி. உருக்குப் பகுதியில் வேலை செய்வோர்க்கு இது புதிதன்று. கன்வெர்ட்டரில் பிராணவாயுவை ஊதும்போது இரும்பில் ஒரு பங்கு எரிந்து கசண்டில் சேர்ந்துவிடும். நிக்கலோ அசையாது, உலோகத்திலேயே தங்கிவிடும். பிராணவாயு அதிகம் கிடைத்த கல்லில் இரும்பு சிலிகேட்டுக்குக் குடிபெயர்ந்தது, நிக்கல் பின்தங்கியது. அவ்வளவே. கசண்டைப் பார்த்து உலையின் நிலையைச் சொல்லும் நம் மேஸ்திரிகளைப் போல, பிரையரும் சிலிகேட்டைப் பார்த்து அக்கல் பிறந்த இடத்தின் நிலையைச் சொன்னார்.

பிரையரின் விதி எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை. கற்களுக்குள் இருக்கும் மொத்த இரும்பு ஒன்றே, இடம் மட்டுமே மாறுகிறது என்றால் கணக்கு நேராக வேண்டும். 1953-இல் ஹெரால்டு யூரீ, ஹார்மன் கிரெய்க் என்னும் இருவர், அதுவரை வெளிவந்த இரசாயனப் பகுப்புகளைச் சலித்து, நம்பத்தக்கவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தனர். மொத்த இரும்பே இரு குவியல்களாகப் பிரிந்து நின்றது: ஒன்று நூற்றுக்கு 28 அளவில், மற்றொன்று 22 அளவில். பழைய பகுப்புகளில் பெரும்பகுதியை அவர்கள் தள்ளிவிட வேண்டியிருந்தது என்பதை ஆய்வுக்கூட இளைஞர்கள் கவனிப்பார்களாக. அளந்தவர் கை சுத்தமாக இல்லையென்றால் வானமே வந்து சாட்சி சொன்னாலும் பயனில்லை.

இரும்பு மிகுந்தது எச் வகை. குறைந்தது எல் வகை. பின்னர், எல் வகையிலும் மொத்த இரும்பும் உலோகமும் மிகக் குறைந்த ஒரு பிரிவு தனியே நிற்பது தெளிவாயிற்று. அதற்கு எல்எல் என்று பெயரிட்டனர். அதில் மொத்த இரும்பு நூற்றுக்கு 19 அல்லது 20. ஒலிவின் இருக்கைக் கணக்கு வருமாறு: நூறு இருக்கையில் இரும்பு 16 முதல் 20 வரை இருந்தால் எச், 22 முதல் 26 வரை எல், அதற்கு மேல் 32 வரை எல்எல். 1976-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் குஜராத்தில் விழுந்த தஜாலாக் கல் எச் வகை. ஹோவர்டு ஆராய்ந்த காசிக் கல் எல்எல்.

இனி, நம் மதுரைக்கு வருவோம். இதைச் சொல்லும்போது குரல் சற்று உயர்ந்தால் பொறுத்தருள்க.

1857-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் நண்பகலில், அன்றைய மதுரை ஜில்லாவின் தென்பகுதியில், பெருமுழக்கத்தோடு இரு கற்கள் விழுந்தன. விழுந்த ஊரை ஆங்கில ஏடுகள் பர்னல்லி என்று எழுதின. அதுவே அக்கல்லின் பெயர். அப்பகுதியில் இருந்த டெய்லர் என்னும் அமெரிக்கப் பாதிரியார் செய்தியைப் பதிவு செய்தார். இரு கற்களும் சேர்ந்து 77 கிலோகிராமுக்கு மேல். பெரியது இலண்டன் மியூசியத்தைச் சேர்ந்தது; சிறியது அமெரிக்காவுக்குச் சென்றது. நம்மைப் போலவே ஊரை விட்டுப் புலம் பெயர்ந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் பெயரை விடவில்லை. இன்றும் உலகில் எந்த மூலையில் விண்கல் ஆராய்ச்சி நூல் அச்சானாலும் பர்னல்லி என்ற பெயர் அதில் இருக்கும்.

அத்தகைய பெருமை எதனால் வந்தது? இருக்கைக் கணக்கு இக்கல்லிடம் செல்லாது என்பதால்தான். எதிர்மின் கதிரை ஊசிமுனையினும் நுண்ணியதாய்ப் பாய்ச்சி ஒவ்வொரு படிகத்தையும் தனித்தனியே அளக்கும் கருவி 1960-களில் விண்கல் ஆராய்ச்சிக்கு வந்தது. பெரும்பாலான கற்களில், கல்லின் இம்மூலையில் உள்ள ஒலிவினும் அம்மூலையில் உள்ள ஒலிவினும் ஒரே கணக்கைக் காட்டும். பர்னல்லியில் அப்படியில்லை. இரும்பு மிகக் குறைந்த படிகத்தின் பக்கத்திலேயே இரும்பு நிறைந்த படிகம் இருக்கும். அடுத்தடுத்த வீட்டில் இருந்தும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத குடும்பங்கள்போல், ஒவ்வோர் உருண்டையும் தான் பிறந்தபோது இருந்த இரசாயனத்தை அப்படியே காத்து வைத்திருக்கிறது. சில உருண்டைகளில் கிரிஸ்டோபலைட் என்னும் சிலிகா வகைகூட இருக்கிறது.

காரணம் வெப்பம். எஃகுக் கட்டியை உருட்டுவதற்கு முன் உலையில் நெடுநேரம் வைத்து ஊறச் சூடேற்றுகிறோமே, அப்போது உள்ளும் புறமும் சமநிலை அடைகிறது. சிறுகோள்களின் உள்ளேயும் அவ்வாறு நிகழ்ந்தது. அங்கே விறகாக எரிந்தது கதிரியக்க அலுமினியம். 7 இலட்சம் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகத் தேய்ந்து, பழங்காலத்திலேயே தீர்ந்துபோன பொருள் அது. ஆழத்தில் கிடந்த கற்கள் உருகாமலே 900 டிகிரியை நெருங்கும் அளவுக்கு வெந்தன. உருண்டைகளின் ஓரம் மங்கியது. படிகங்கள் தம்முள் இரும்பைப் பரிமாறிக்கொண்டு ஒரே கணக்குக்கு வந்தன. மேற்பரப்புக்கு அருகில் கிடந்தவை அதிகம் வேகவில்லை. 1967-இல் வான் ஷ்மஸ், ஜான் உட் ஆகிய இருவரும் இவ்வேற்றுமைக்கு எண் கொடுத்தனர். நம் காண்ட்ரைட்டுகளுக்கு 3 முதல் 6 வரை; 3 என்றால் வேகாதது, 6 என்றால் நன்கு வெந்தது. நீரால் மாறுபட்ட வேறு சில கற்களுக்கு 1, 2 என்னும் எண்கள்.

மூன்றாம் எண்ணுக்குள்ளும் படிகள் உண்டு. கல்லைப் பொடித்து, கதிரூட்டி, மெல்லச் சூடேற்றினால் அது மங்கலாய் ஒளிரும். உருண்டைகளில் கண்ணாடியாய் உறைந்திருந்த பொருள் சிறிதேனும் வெந்து ஃபெல்ட்ஸ்பார் படிகமாக மாறியிருந்தால் ஒளி பன்மடங்கு கூடும். மூன்றாம் எண் கற்களுக்குள்ளேயே இவ்வொளி ஆயிரம் மடங்கு வேறுபடுவதைக் கண்டு, 1980-இல் டெரெக் சியர்ஸ் முதலியோர் 3.0 தொடங்கி 3.9 வரை பிரித்தனர். தஜாலா 3.8. பர்னல்லி 3.6.

அப்படியானால், இருக்கைக் கணக்கு சிதறிக் கிடக்கும் பர்னல்லியை எல்எல் என்று எவ்வாறு துணிந்தனர்? ஒரு சான்று போதாதபோது பல சான்றுகளைக் கூட்டுவதுதான் வழி. மொத்த இரும்பு, உலோகத்தின் அளவு, உருண்டைகளின் பருமன், பிராணவாயுவின் மூவகை அணுக்கள் கலந்திருக்கும் விகிதம் ஆகிய அனைத்தும் ஒரு திசையைக் காட்டின. கடைசியாகச் சொன்னது நுட்பமானது. 1970-களில் சிகாகோவில் ராபர்ட் கிளேட்டன் தொடங்கி வைத்த முறை. விண்கற்களில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஏறக்குறையக் கைரேகைபோல் பயன்படுகிறது.

இவையெல்லாம் மேசைமீது இருந்துகொண்டு நாமே வகுத்துக்கொண்ட பெட்டிகள் அல்லவா, வானத்தில் அப்படி ஒரு பொருள் மெய்யாக உண்டா என்று பெரியவரின் பேரன் கேட்டான். நல்ல கேள்வி. ஜப்பானியரின் ஹயபூசா விண்கலம் 2005-இல் இத்தொகாவா என்னும் சிறுகோளைச் சென்று தொட்டது. ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் நீளமே உள்ள கோள் அது. எண்ணற்ற இடையூறுகளுக்குப் பின் 2010-இல் கலம் திரும்பியபோது கொண்டுவந்தது கண்ணுக்குத் தெரியாத தூசித் துகள்கள் மட்டுமே. 2011-இல் அத்துகள்களின் ஒலிவினையும் பைராக்ஸீனையும் அளந்து பார்த்தனர். விடை எல்எல் காண்ட்ரைட் என்று வந்தது. பெரும்பகுதி நன்கு வெந்த எல்எல். காசியிலும் மதுரைச் சீமையிலும் விழுந்த கற்களை வைத்து எழுதிய பெயர்ச்சீட்டு, வானத்தில் நேரே போய் எடுத்த துகளுக்குப் பொருந்திவிட்டது.

இதுவரை பிராணவாயு தாராளமாகக் கிடைத்த கற்களைச் சொன்னோம். அது மிக அரிதாய் இருந்த இடத்தில் பிறந்த கல்லும் ஒன்று உண்டு. பெரியவரின் கசண்டு மறுபடி இங்கேதான் வருகிறது.

1852-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் இன்றைய உத்தரப் பிரதேசத்தில் பஸ்தி என்னும் ஊரில் ஒரு கல் விழுந்தது. வெளுத்த கல்; உருகிப் பிரிந்த வகை. அதன் பைராக்ஸீனில் இரும்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. இலண்டனில் அதை ஆராய்ந்த மாஸ்கலைன் அதுவரை எவரும் கண்டிராத ஒரு கனிமத்தைப் பழுப்பு நிற மணிகளாகக் கண்டார். சுண்ணாம்பு தரும் கால்சியமும் கந்தகமும் கூடிய பொருள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் தலைவரான தாமஸ் ஓல்டாமின் பெயரால் அதை ஓல்டாமைட் என்று அழைத்தார். டைட்டேனியமும் நைட்ரஜனும் கூடிய பொன்னிறத் துகள்களையும் அக்கல்லில் கண்டு, ஆஸ்போர்னைட் எனப் பெயரிட்டார்.

ஊதுலையில் பணி செய்தோர் இந்நேரம் புன்முறுவல் பூத்திருப்பார்கள். கால்சியமும் கந்தகமும் கூடிய அதே பொருள்தான் நம் கசண்டில் இருக்கிறது. இரும்பிலிருந்து கந்தகத்தை இழுத்து வைப்பதே கசண்டின் வேலை. டைட்டேனியம் சேர்ந்த செம்பு நிறத் துகள்களை உலையின் அடிவாரத்தில் படிந்து கண்டவர்களும் இங்கு இருக்கலாம். பிராணவாயுவைப் பறித்துவிட்ட இடத்தில், உலையாயினும் விண்ணாயினும், ஒரே விதி நடக்கிறது. அத்தகைய பொருள்மீது நீர் பட்டால் அது சிதைந்து, அழுகிய முட்டை நாற்றம் வீசும் வாயுவை வெளியிடும். பெரியவர் வீட்டு மருமகள் வெள்ளிதோறும் நுகர்ந்தது அதைத்தான். நம் ஆய்வுக்கூடத்திற்கு முன்பே அந்த அம்மையாரின் மூக்கு கல்லை வகைப்படுத்திவிட்டது!

நகைப்புக்காக இதைச் சொல்லவில்லை. 170 ஆண்டுகளுக்குப்பின், 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள், குஜராத்தின் தியோதர் வட்டத்தில் பஸ்திக் கல்லின் இனத்தைச் சேர்ந்த கல் மறுபடி விழுந்தது. ஒன்று வேப்பமரக் கிளையில் மோதி உடைந்தது; மற்றொன்று ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் விழுந்து தரை ஓட்டைப் பிளந்தது. அது மழைக்காலம். ஊரார் துண்டுகளைப் பொறுக்கி வைத்துக் கொடுத்ததனால் அகமதாபாத்து ஆராய்ச்சியாளர்கள் அதன் வகையைத் துணிய முடிந்தது. நான்கு நாள் மழையில் கிடந்திருந்தால், அல்லது பாலும் நீரும் ஆட்டியிருந்தால், எந்தக் கனிமத்தால் அக்கல் அரியதோ அக்கனிமமே கரைந்து போயிருக்கும்.

வழிபாட்டை நாம் குறை கூறவில்லை. 1880-இல் பீகாரில் அந்தாரா என்னும் ஊரில் விழுந்த கல்லை மக்கள் தெய்வமாகவே கொண்டனர். 1867-இல் இராஜபுதனத்தில் கேத்ரிப் பக்கம் விழுந்த கற்களையோ, தெய்வ கோபத்தின் கருவிகள் என்று அஞ்சி, இடித்துத் தூளாக்கித் தூவிவிட்டனர். இவ்விரண்டில் முன்னது எவ்வளவோ மேல். ஆயினும், இக்குடியிருப்பில் எவர் கொல்லையிலாவது மெய்யான கல் விழுமாயின், அதை வெறுங்கையால் தேய்க்காமல், கழுவாமல், காந்தம் ஒட்டிப் பாராமல், காய்ந்த சுத்தமான துணியிலோ அலுமினியத் தாளிலோ பொதிந்து, விழுந்த நேரத்தையும் இடத்தையும் குறித்து வையுங்கள். காந்தம் வேண்டா என்பதற்குக் காரணம், கல்லுக்குள் பல கோடி ஆண்டாய் உறைந்திருக்கும் பழைய காந்தப் பதிவு அதனால் அழிந்துவிடும். நாமே அன்று பெரியவரின் கல்லில் முதலில் காந்தத்தைத்தான் வைத்தோம். அது கசண்டாய் இருந்தது நம் நல்லூழ்.

பெரியவர் கல்கத்தாக் கடிதத்தை மறந்துவிட்டார் என்று எண்ண வேண்டா. "இது இல்லையென்றால் அடுத்தது" என்று இப்போதும் மாலையில் மொட்டை மாடிக்குப் போகிறார். பேரனும் உடன் போகிறான். நம் வேண்டுகோளுக்கு இசைந்து, தம் கல்லை இன்று இங்குக் கொண்டு வந்து, வாயிற்புற மேசையில் வைத்துவிட்டு, முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அதனருகே ஒரு பூதக்கண்ணாடியும் காந்தமும் வைத்திருக்கிறோம். அடியில் சிறிது உடைத்துப் புதுமுகம் காட்டியிருக்கிறோம். நாடகம் தொடங்கக் கால் மணி நேரம் இருப்பதாகச் செயலாளர் சைகை காட்டுகிறார். குழந்தைகள் வரிசையாகச் சென்று பார்க்கலாம். பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீரும் இருக்கிறது. இந்தக் கல்லின்மேல் தாராளமாக ஊற்றி முகர்ந்து பார்க்கலாம். பெரியவர் அனுமதி தந்துவிட்டார்.